பதவி உயர்வு கிடைக்கவில்லை: இருப்பதா, வெளியே போவதா, வேறு டீமுக்கு மாறுவதா?

பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. ஐந்து பெயர்கள் இருந்தன, என் பெயர் இல்லை. எனக்கு இரண்டு வருடம் பின்னால் சேர்ந்து, முதல் ஆறு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டவரின் பெயர் இருந்தது. அன்று ராத்திரியே ரெஸ்யூமேயைத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். அடுத்த நான்கு மாதம் மூன்று வழிகளையும் கிட்டே போய்ப் பார்த்தேன்: அதே இடத்தில் அடுத்த அப்ரைசல் வரை இருப்பது, வேறு நிறுவனத்துக்குப் போவது, அதே நிறுவனத்தில் வேறு டீமுக்கு மாறுவது. கடைசியில் மூன்றாவதைத்தான் எடுத்தேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். முதல் இரண்டு வாரம் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். சம்பளம் கூடவில்லை என்பதைவிட, எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்பதுதான் அப்போது அதிகம் வலிக்கும். காபி எடுக்கப் போகும்போதுகூட யாராவது பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்று தோன்றும். நான் மறுநாள் காலையில் முதல் வேலையாக உயர்வு பெற்றவரிடம் போய் வாழ்த்துச் சொன்னேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பட்டியலைப் போட்டது அவர் இல்லையே. அதைச் சொல்லி முடித்த பிறகு அலுவலகத்துக்குள் நடமாடுவது எனக்குக் கொஞ்சம் சுலபமானது.

சரி, வெளியே போவதை முதலில் பார்ப்போம். இதன் லாபம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சம்பளம் சட்டென்று ஏறும், பழைய கசப்பு நம்மோடு வராது. யாரும் அதிகம் பேசாத பக்கம் ஒன்று இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் கல்லூரிப் பேராசிரியர் மேத்யூ பிட்வெல் 2011இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு முதலீட்டு வங்கியின் பணியாளர் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிட, அதே மாதிரி வேலைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்குச் சுமார் 18 சதவீதம் கூடுதல் சம்பளம். ஆனால் முதல் இரண்டு வருடம் அவர்களுடைய ரேட்டிங் உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தது, வேலையை விட்டுப் போனவர்களும் அவர்களில்தான் அதிகம். எனக்கு அது புரிகிறது. எந்தக் காரியத்துக்கு யாரைக் கேட்க வேண்டும், எந்த அனுமதி எங்கே தேங்கும் என்பதெல்லாம் ரெஸ்யூமேயில் வராத சரக்கு. வாசலைத் தாண்டியதும் அதெல்லாம் செல்லாது.

என் கையில் ஒரு ஆஃபர் லெட்டர் இருந்தது. சம்பளம் கூடுதல், பதவியின் பெயர் அதேதான். நேர்காணலில், "ஏன் அங்கிருந்து வர நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்கே கேட்கப் பிடிக்காத ஒரு குரலில் பதில் சொன்னேன். நான் வேலை தேடவில்லை, கோபத்தைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்பது அப்போது உறைத்தது. அந்த ஆஃபரைக் காட்டி இங்கேயே உயர்வு கேட்டுப் பார்க்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் அதைச் செய்து பார்க்கவில்லை, அதனால் நல்லதா கெட்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது.

இருந்த இடத்திலேயே இருப்பதில் செலவு குறைவு. வீட்டுச் சூழல் நெருக்கடியாக இருப்பவர்களுக்கு அதுவே போதுமான காரணம். ஆனால் இருப்பதென்றால் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு இருக்க வேண்டும். "எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "அடுத்த முறை என் பெயரைச் சொல்லும்போது கையில் எது இருந்தால் உங்களுக்கு எளிதாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் குறிப்பிட்ட ஒரு வேலையும் ஒரு காலக்கெடுவும் பதிலில் வந்தால் இருக்கலாம். எனக்கு வந்த பதில், "இன்னும் கொஞ்சம் வெளியே தெரியும்படி இருங்கள்." அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது?

கேத்ரின் டுலூகோஸ், ஜே. ஆர். கெல்லர் இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவும். ஒரு பெரிய நிறுவனத்துக்குள்ளேயே வேறு பதவிக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களை அவர்கள் கவனித்தார்கள். அப்படிப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஆள் எடுக்கும் மேனேஜரின் நேர்காணல் வரை போய்த் தோற்றவர்கள், அதற்கு முன்பே கழிக்கப்பட்டவர்களைவிட அதிகம் தங்கிவிட்டார்கள். தோற்றாலும், அடுத்த முறை கிடைக்கலாம் என்பதற்கு அவர்களுக்கு ஒரு அடையாளம் கிடைத்திருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். ஓரளவு பெரிய நிறுவனங்களில் பதவி உயர்வு பெரும்பாலும் ஒரு அறையில் முடிவாகிறது. பல டீம்களின் மேனேஜர்கள் அவரவர் பட்டியலோடு வருவார்கள். இடங்கள் எண்ணிக்கையில் குறைவு, பெயர்கள் அதிகம். ஒவ்வொரு பெயருக்கும் சில நிமிடங்கள்தான். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்களுடைய ஒரு வருட உழைப்பு, உங்கள் மேனேஜர் வாயிலிருந்து வரும் இரண்டு மூன்று வாக்கியங்களாகச் சுருங்கிவிடும். அதன் பிறகு எதிரே இருப்பவர்களில் யாராவது, "ஆமாம், நானும் பார்த்திருக்கிறேன்" என்று சொல்கிறார்களா என்பதில் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. பின்னாளில் நானே அப்படி ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மேலாளர் சொன்னதை யாரும் மறுக்காமல், யாரும் ஆமோதிக்கவும் செய்யாமல் ஒரு பெயர் கடந்து போவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது சில மாதம் கழித்து எனக்குத் தெரியவந்தது. என் மேனேஜர் குறையே சொல்லவில்லை. "அவர்தான் டீமின் தூண், அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்" என்றாராம். மனதாரச் சொன்ன பாராட்டுதான். ஆனால் தூணை யார் இடம் மாற்றுவார்கள்? இப்போது செய்யும் வேலைக்கு முழு மதிப்பெண். அடுத்த படியில் என்ன செய்வேன் என்பதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததாக முதலில் நினைத்தேன். ஆலன் பென்சன், டேனியெல் லீ, கெல்லி ஷூ ஆகிய மூவரும் வட அமெரிக்காவின் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கு வேலைத்திறன் ரேட்டிங் ஆண்களைவிட அதிகம், 'இனி வளரக்கூடியவர்' என்ற ரேட்டிங் மட்டும் குறைவு. பதவி உயர்வு பெறும் வாய்ப்பும் பெண்களுக்குச் சுமார் 14 சதவீதம் குறைவாக இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆணோ பெண்ணோ, 'நன்றாகச் செய்கிறார்' என்பதும் 'மேலே போகக்கூடியவர்' என்பதும் வேறு வேறு கணக்கு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது.

இந்த அறையை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் மறுபடி பாருங்கள். இருந்த இடத்திலேயே இருந்தால், அடுத்த வருடமும் அதே வாய் அதே வாக்கியத்தைச் சொல்லும். அவருக்கு என் மேல் பதிந்துபோன பிம்பம் ஒரு வருடத்தில் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே போனால் வாக்கியம் புதிது, ஆனால் மேஜையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. உள்ளேயே டீம் மாறினால் பேசுகிறவர் புதியவர், கேட்கிறவர்கள் பழையவர்கள். என் பழைய மேனேஜரும் அதே மேஜையில்தான் இருப்பார், ஆனால் இப்போது என்னைப் பிடித்துவைத்துக்கொள்ள அவருக்குக் காரணம் இல்லை. "நானும் பார்த்திருக்கிறேன்" என்று சொல்லும் ஆளாக அவரே ஆகிவிடலாம். எனக்கு அப்படித்தான் நடந்தது.

மாறுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு மாறாதீர்கள். புதிய மேனேஜரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். கடந்த சில வருடங்களில் எத்தனை பேரின் பெயரைக் கொடுத்தீர்கள், அதில் எத்தனை நடந்தது? இந்த டீமில் எனக்கு மேலே இடம் இருக்கிறதா, இல்லை யாராவது போனால்தான் உண்டா? மாறி வருகிறவர் எத்தனை மாதம் கழித்துத் தகுதி பெறுவார்? மூன்றாவதை முக்கியமாகக் கேளுங்கள். டீம் மாறினால் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று சில இடங்களில் விதியே இருக்கும். முதல் கேள்வி அவருக்குப் பிடிக்காமல் போகலாம். முகம் சுளித்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மாறிய வருடம் ரேட்டிங் நடுத்தரம், அந்தச் சுற்றிலும் என் பெயர் வரவில்லை. அதற்கடுத்த சுற்றில்தான் வந்தது. முதல் மின்னஞ்சலிலிருந்து கணக்கிட்டால் இரண்டு வருடத்துக்கு மேல். வெளியே போயிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் அந்த நடு வருடத்தில் பல ராத்திரி வந்து போனது.

டீம் மாறுவது எல்லாருக்கும் பொருந்தாது. முப்பது நாற்பது பேர் இருக்கும் இடத்தில் மாறுவதற்கு இன்னொரு டீமே இருக்காது. முதலாளி ஒருவர்தான் அந்த அறை. அங்கே அவர் மனதில் இடம் இல்லையென்றால் வெளியே போவதுதான் சரி. சீனியாரிட்டிப்படி உயர்வு வரும் வேலைகளுக்கு இந்த ஒப்பீடு அவ்வளவாக ஒத்துவராது. பாலினமோ சாதியோ மதமோ காரணம் என்று தெளிவாகத் தெரிந்தால் எழுத்தில் பதிவு செய்யுங்கள், டீம் மாற்றத்தை அதற்கு மருந்தாக நினைக்காதீர்கள். முடிவெடுத்தபோது நான் ஒருமுறை மட்டுமே விடப்பட்டவள். மூன்று முறை விடப்பட்டவர் வெளியே போவதையே சொல்லக்கூடும், அவரிடம் நான் வாதாட மாட்டேன்.

மாற முடிவு செய்துவிட்டால், விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் வேலையை இன்னொருவருக்குப் பழக்கத் தொடங்குங்கள். நான் அதைச் செய்யவில்லை. பழைய டீம் என்னை விடுவிக்க இரண்டு மாதம் ஆயிற்று, அதன் பிறகும் ஆறு மாதம் மாலை நேரங்களில் அங்கிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது.