ஒளியிழைப் பணியைப் பொதுமக்களுக்கு விளக்கிய சேவை: எங்கள் அனுபவம்

தகவலை ஒளியாகக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கொண்ட ஒளியிழை கேபிள்களைப் பதித்துப் பராமரிப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். கேபிள் அறுந்தால் இணைப்பு திரும்புவதற்கு ஏன் இத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்குப் புரியும்படி பதில் சொல்ல எங்களுக்கு நெடுநாளாகத் தெரியவில்லை. ஆகவே, தொழில்நுட்ப நிறுவனங்களின் வேலையைப் பொதுமக்களுக்கு விளக்கும் கையேடுகளையும் குறும்படங்களையும் தயாரித்துத் தரும் ஒரு சேவையை அமர்த்தினோம்.

வந்த எழுத்தாளர், நாங்கள் கொடுத்த கோப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, இழை இணைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். மேலுறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, முனையைச் செங்குத்தாக வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டும் வேலையை, டெக்னீஷியனின் தோளருகே நின்று ஒரு நாள் முழுவதும் கவனித்தார். வெட்டி விழும் துணுக்குகளை ஏன் தனி டப்பாவில் போடுகிறீர்கள் என்று கேட்டார். "கண்ணுக்கே தெரியாதுங்க, தோல்ல ஏறிடும்" என்று வந்த பதிலை அப்படியே கையேட்டில் சேர்த்துவிட்டார். இழையின் தடிமன் 0.125 மில்லிமீட்டர், அதன் நடுவே ஒளி செல்லும் உள்ளகமோ அதில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்குதான். 96 இழைகள் கொண்ட கேபிளில் சேதமான பகுதியை நீக்கிப் புதுத் துண்டைச் சேர்க்கும்போது, இரு முனைகளிலுமாக 192 ஒட்டுகள் போட வேண்டியிருக்கிறது. இந்த ஒரே கணக்கு, எங்கள் பழைய மன்னிப்புக் கடிதங்கள் அனைத்தையும்விடத் தெளிவாக வாடிக்கையாளரின் கேள்விக்கு விடை தருகிறது.

ஒளி இழப்பை அளக்கும் அலகான டெசிபெல் பற்றிய பக்கம் கையேட்டிலேயே சிறந்தது என்பேன். கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு என்று எழுதியே பழகிய எங்களுக்கு, 15 கிலோமீட்டர் கடந்த பின்னும் பாதி ஒளி மிஞ்சுகிறது என்று எழுதலாம் என்பது தோன்றியதே இல்லை. 1966இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் தொலைத்தொடர்புக்குப் போதுமென்று குறித்த கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்பு என்ற எல்லையில், ஒரே கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும் என்பதையும் அருகிலேயே வைத்ததால், இன்றைய கண்ணாடி எவ்வளவு தூயது என்பது படிப்பவருக்கு உடனே விளங்குகிறது.

குறும்படம் இந்த அளவுக்கு வரவில்லை. முதல் வடிவத்தில் ஒளியைக் குழாய்த் தண்ணீர்போலக் காட்டி, அறுந்த இடத்தில் தகவல் ஒழுகுவதாகவும் வரைந்திருந்தார்கள். அதைப் பார்ப்பவர், ஓட்டையை அடைத்தால் போதுமே என்றுதான் நினைப்பார். உள்ளகத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியின் வேகத்தை அது எவ்வளவு குறைக்கிறது என்பதன் அளவு, அதைச் சூழ்ந்த கண்ணாடியைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதால்தான் ஒளி வெளியேறாமல் அடங்கிச் செல்கிறது என்றும், முனைகள் துல்லியமாக நேர்பட்டால்தான் அது அடுத்த இழைக்குள் நுழையும் என்றும் நாங்கள் வற்புறுத்த வேண்டியிருந்தது. எளிமைக்காகப் பொய்யான உவமையை ஏற்க எனக்கு மனமில்லை. இரண்டு முறை திருத்திய பிறகே படம் சரியாக வந்தது. சொன்ன நாளும் தள்ளிப்போனது.

கையேட்டுக்காக இவர்களைத் தயங்காமல் அமர்த்தலாம். படம் வேண்டுமென்றால், வரையத் தொடங்கும் முன்பே காட்சிகளை எழுத்தில் வாங்கி, உங்கள் பொறியாளர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பழுதுபார்ப்பு வண்டிகள் ஒவ்வொன்றிலும் இப்போது அந்தக் கையேடு இருக்கிறது. இணைப்பு எப்போது வரும் என்று கேட்டு வருபவர்களிடம் டெக்னீஷியன்கள் 192 ஒட்டுகள் உள்ள பக்கத்தைத் திறந்து காட்டுகிறார்கள்.