பிரிந்த ஷூ அடி: உடனடிப் பசையா, தையலா, சொல்யூஷனா?

இறகுப்பந்து ஆடும் வலது கைக்காரர் வலையோரம் பாயும்போது, பின்னால் தங்கும் இடது காலின் நுனி தரையில் இழுபடும். என் இடது ஷூவிலும் பெருவிரலை ஒட்டிய உட்புறத்தில்தான் அடி பிரிந்து வாயைப் பிளந்தது. மேல்பாகம் புதிது போலிருந்ததால் தூக்கி எறிய மனம் வரவில்லை. மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன்.

உடனடிப் பசை மலிவு, எங்கும் கிடைக்கும், நொடியில் பிடிக்கும். ஆனால் காய்ந்ததும் கண்ணாடி போல் விறைத்துவிடும். ஷூவோ ஒவ்வோர் எட்டுக்கும் விரல் மடியும் இடத்தில் வளைகிறது. மூன்றாம் நாள் ஆட்டத்திலேயே விட்டுவிட்டது.

தையலுக்குப் பிடிப்பு அதிகம். தெருமுனையில் குத்தூசியோடு உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிடத்தில் முடித்துத் தந்தார். பக்கச்சுவர் உயரமான ஷூவுக்கு இது நல்ல வழி. நூல் தரையில் உரசும் இடத்தில் வந்தால் அறுந்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. நுரை அடி கொண்ட ஓட்டக் காலணிகளில் தைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

கடைசியில் நான் நின்றது சொல்யூஷனில். செருப்பு தைப்பவர்கள் பூசும் அந்த மஞ்சள் நிற ரப்பர் பசை. வீட்டில் ஒட்டியது எதுவானாலும் ஒருநாள் மறுபடி பிரியும். அன்றைக்கு என்ன செய்வது என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுத்தேன். உடனடிப் பசை விட்டுப்போன வெள்ளைப் பொருக்கின் மேல் வேறெதுவும் ஒட்டவில்லை. உப்புத்தாளால் அரை மணி நேரம் தேய்த்ததில் பொருக்கோடு ரப்பரும் கொஞ்சம் போய்விட்டது. தையல் விட்ட துளைகளோ அப்படியே இருக்கின்றன. பழைய சொல்யூஷனைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் போதும், அழிரப்பர் துகள் போல் உருண்டு வந்துவிடுகிறது.

ஒட்டும் முறையில் அவசரம் கூடாது. இரண்டு பக்கத்தையும் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் தூசியைத் தட்ட வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிதாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து, பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பசை இறுகாது. காய்ந்த பரப்புகள் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. அதனால் பிளவின் உள்மூலையில் தொடங்கி வெளிப்பக்கமாக அழுத்திவருவேன். பிறகு பழைய சைக்கிள் ட்யூப்பைக் கீற்றாக வெட்டி இறுகச் சுற்றி, 24 மணி நேரம் தொடுவதில்லை. நெடி கடுமையானது, எளிதில் தீப்பிடிக்கவும் கூடியது. அடுப்புப் பக்கமே போகாமல் மொட்டைமாடியில் வைத்துச் செய்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வெகுநாள் பெட்டியில் கிடந்த ஷூவின் அடி, அழுத்தியதும் மாவாக உதிர்ந்தால் அடியில் உள்ள பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ஈரத்தில் சிதைந்துவிட்டது என்று பொருள். பசை பிடிக்க அங்கே பரப்பே இருக்காது.

என் இடது ஷூ ஐந்து மாதம் தாங்கி, போன வாரம் நுனியில் சிறிது வாய் திறந்தது. உருட்டி எடுத்து மறுபடி பூசிக் கட்டிவைத்தேன். நேற்று மாலை அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினேன்.