45 வயதில் பிஎச்.டி.: வேலையை விட்டா, வேலையோடு சேர்த்தா?

வேலையில் இருபது வருடம் கழித்த பிறகு ஆய்வு செய்ய ஆசை வருகிறது. உடனே எழும் கேள்வி, முழுநேரமா பகுதிநேரமா என்பது. நானும் அந்தக் கேள்வியோடு ஒரு வருடம் அலைந்தேன்.

பட்டத்தில் வித்தியாசம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகள் இரண்டு வழிக்கும் ஒன்றே: குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6, மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. கோர்ஸ் வொர்க்கும் (ஆய்வுக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள்) பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நிற்பதும் எல்லாருக்கும் உண்டு. தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. செய்ய வழியில்லை, "வீட்டிலிருந்தே முடிக்கலாம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

பணத்தில் பகுதிநேரம்தான். நெட் தேர்வு வழியாக ஆய்வு மாணவருக்குக் கிடைக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குப் பொதுவான வயது வரம்பு 30, சில பிரிவினருக்கு 35. நம் வயதில் வேலையை விட்டால் சேமிப்பில்தான் கைவைக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்புச் செலவு கண்முன்னே நிற்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆய்வு நடக்கும் விதத்தில் முழுநேரத்தின் பலம் பெரியது. பழைய அரசு ஆவணங்கள் இருக்கும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் அலுவலக நாட்களில்தான் திறந்திருக்கும். முழுநேர மாணவர் ஒரு மாதம் தொடர்ந்து அங்கே உட்காரலாம். வேலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தற்செயல் விடுப்பு. பத்து நாள் கழித்து அத்தியாயத்தைத் திறந்தால் எங்கே விட்டோம் என்று பிடிக்கவே ஒரு மணி நேரம் போகும். அப்புறம் அந்தத் தனிமை. பல்கலைக்கழகத் துறையில் டீ குடிக்கும்போது யாரோ சொல்லும் ஒரு வரி ஆய்வையே திருப்பிவிடும். அது நமக்குக் கிடைக்காது.

அதனால் தலைப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பேன். பழைய ஆவணம், ஆய்வகம், தூரத்துக் களப்பணி என்றால் பகுதிநேரம் மிகவும் கஷ்டம். தலைப்பு உங்கள் வேலைக்குள்ளிருந்தே வந்தால் பகுதிநேரமே மேல். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் பிள்ளைகளின் வாசிப்பை ஆராய்கிறார் என்றால், உரிய அனுமதி வாங்கியபின், தரவு அவர் கண்முன்னே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் முழுநேர மாணவருக்குப் பிள்ளைகளோடு அந்தப் பழக்கம் வர வருடங்கள் ஆகும்.

எந்த வழியானாலும் உங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் ஓய்வுபெறும் ஆண்டைக் கேளுங்கள். பணிக்காலம் 3 ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை எடுக்க முடியாது; 4 ஆண்டு உள்ளவர் எடுக்கலாம், ஆனால் உங்களுக்கு 6 ஆண்டு ஆகலாம். ஓய்வுக்குப் பின் 70 வயது வரை அவர் இணை நெறியாளராக மட்டுமே தொடரலாம்.

நான் எடுத்தது பகுதிநேரம். நீங்களும் அதையே எடுத்தால், அலுவலகம் தரும் தடையின்மைச் சான்றில் (என்ஓசி) வெறும் "ஆட்சேபணை இல்லை" போதாது. தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தோடு இணையுங்கள்.