சில்லறைப் பாக்கெட் மீன் உணவு: வாங்கலாமா?

சுங்கை சிப்புட் பட்டணத்து வண்ண மீன் கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் கட்டித் தொங்கவிடும் குருணை உணவைப் பற்றியது இது. விலை மலிவு, மீனும் விரும்பித் தின்கிறது. குறை பாக்கெட்டில்தான்: காலாவதி தேதி இல்லை, எந்த மீனுக்கு எவ்வளவு என்ற குறிப்பும் இல்லை. கேட்டால் "மூனு வேளை போடுங்க" என்பார்கள். அது அதிகம்.

வளர்ந்த மீனுக்கு நாளைக்கு ஒன்றிரண்டு வேளை போதும்; இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே கணக்கு. சண்டை மீனுக்கு 1 மில்லிமீட்டர் குருணை வேளைக்கு மூன்று நான்கு. கப்பி மீனுக்கு வாய் சின்னது, நசுக்கித் தூவ வேண்டும். தங்க மீன் எப்போதும் பசிப்பதுபோல் நடிக்கும், ஏமாறாதீர்கள். அதற்கு மூழ்கும் குருணையே நல்லது. வாரம் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. குஞ்சுகளுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு வேளை.

மிஞ்சிய உணவு அடியில் அழுகி, மீனுக்கு நஞ்சான அமோனியாவாகிறது. தண்ணீர் கலங்கும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்போது உணவை நிறுத்தி, அடிக்கழிவை உறிஞ்சி, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி ஊற்றுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்த பாக்கெட் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். சிறியதாக வாங்கி, இறுக்கமான போத்தலில் போட்டு, இரண்டு மாதத்துக்குள் தீர்க்கவும். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.