டானும் பள்ளத்தாக்கில் சாணவண்டு பார்க்கப் போகலாமா? சபா காட்டுநடை பற்றி ஒரு மதிப்புரை

மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டானும் பள்ளத்தாக்குக்குப் போகிற எல்லாரும் ஓராங் ஊத்தானுக்காகத்தான் போகிறார்கள். விளம்பரத் தாளிலும் அதன் முகம்தான் பெரிதாக இருக்கும், அப்புறம் குட்டை யானை, இருவாசி, எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ‘வழிகாட்டியுடன் பூச்சி நடை, இரவு நடை’ என்று ஒரு வரி. இந்த மதிப்புரை அந்த வரியைப் பற்றியது, ஏனென்றால் கொடுத்த பணத்துக்கு எனக்கு நிறைவாகக் கிடைத்தது அதுதான். இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

முதலில் போகிற வழி. கோத்தா கினபாலுவிலிருந்து லகாட் டத்துவுக்குச் சிறிய விமானம், அங்கிருந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல், பெரும்பகுதி சரளைக்கல் சாலை. முதுகுவலி உள்ளவர்கள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் லகாட் டத்துவில் உள்ள ஒரு சிறிய நிறுவனம் வழியாகப் போனோம். கீழே சில குறைகளைச் சொல்லப்போகிறேன், ஆனால் விசாரித்தவரை மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நடத்துகிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். தங்குமிடம் சுத்தம், சாப்பாடு பரவாயில்லை, சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அட்டை கடிக்காமல் இருக்கப் போடும் நீளக் காலுறை அங்கேயே கிடைக்கிறது.

சரி, வண்டுக்கு வருகிறேன்.

எங்கள் வழிகாட்டி ஓராங் சுங்கை சமூகத்தைச் சேர்ந்தவர், நடுவயது, அதிகம் பேசமாட்டார். பாதையில் யானைச் சாணம் ஒன்று புதிதாகக் கிடந்தது. மற்றவர்கள் தாண்டிப் போகப் பார்த்தார்கள், அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார். “அபாங் (அண்ணே), யானை பக்கத்தில் இருக்குமா?” என்று ஒருவர் கேட்டதற்கு, யானை எப்போதோ போய்விட்டது, இப்போது வரப்போகிறவர்களைப் பாருங்கள் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. நெல்மணி அளவுகூட இல்லாத கறுப்பு வண்டுகள் முதலில், அப்புறம் பச்சையும் செம்புமாகப் பளபளக்கிறவை. சில வகைகள் சும்மா பறந்து அலைவதில்லையாம், இலை மேல் உட்கார்ந்து உணர்கொம்பை விரித்துவைத்துக் காற்றில் வாசம் வருவதற்குக் காத்திருக்குமாம். அவர் காட்டிய பிறகு பார்த்தால் இடுப்புயரச் செடிகளில் அங்கங்கே அப்படியே உட்கார்ந்திருந்தன, அதுவரை அவற்றை உரசிக்கொண்டே நடந்து வந்திருக்கிறோம்.

சாணவண்டு என்றாலே உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போகும் படம்தான் நமக்கு நினைவு வரும். அங்கே அப்படி உருட்டுகிறவை சிறுபான்மை. பெரும்பாலானவை சாணத்துக்கு நேர் கீழேயே சுரங்கம் தோண்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறவை, இன்னும் சில சாணத்துக்குள்ளேயே குடியிருக்கிறவை. இதிலே பகல் பணி, இரவுப் பணி என்று வேறு பிரிவு உண்டு. பொழுது சாய்ந்து மீண்டும் அதே குவியலுக்கு அழைத்துப் போனார். விளக்கை அணைக்கச் சொன்னார். கனமான ரீங்காரம் ஒன்று தலைக்கு மேலாக வந்து பொத்தென்று விழுந்தது. கட்டைவிரல் பருமனுக்குக் கறுப்பாக, தலையில் சிறிய கொம்போடு, கதார்சியஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த சாணவண்டு ஒன்று. மண்ணைக் குடைந்து அது இறங்கிய வேகத்தைப் பார்த்து எங்கள் குழுவில் இருந்த பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது குவியல் தட்டையாகி, சுற்றிலும் புதிதாகத் தோண்டிய மண் எழும்பிக் கிடந்தது.

இந்தப் பெரிய இரவு வண்டுகள்தான் சபா ஆய்வுகளின் நாயகர்கள். டானும் கள ஆய்வு மையம் 1980களிலிருந்து இயங்குகிறது, பூச்சிகளைப் பற்றி வெப்பமண்டல ஆசியாவில் இவ்வளவு காலம் தொடர்ந்து ஆராயப்பட்ட காடுகள் குறைவு. எலினோர் ஸ்லேட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வண்டு வகைகளில் ஒவ்வொரு பிரிவாக விலக்கிவைத்து மற்றவை எவ்வளவு சாணத்தை அகற்றுகின்றன என்று பார்த்தார்கள். பெரிய இரவுச் சுரங்க வண்டுகளை விலக்கியபோதுதான் வேலை படுத்தது, மற்றவற்றால் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. விதைக்கும் இதே கதைதான். புனுகுப்பூனையும் குரங்கும் ஓராங் ஊத்தானும் பழத்தைத் தின்று விதையோடு கழிக்கின்றன. மேலே கிடந்தால் எலி தின்றுவிடும், வண்டு சாணத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துவிட்டால் முளைக்க வாய்ப்பு இருக்கிறது, ரொம்ப ஆழமாகப் போனால் அதுவும் இல்லை. டானும் காட்டில் 2019இல் அளந்த மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று 100.8 மீட்டர் உயரம். மெராந்தியின் விதை சிறகு முளைத்துக் காற்றில் வருவது, அதற்கு வண்டு தேவையில்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள பழமரங்களில் பலவற்றுக்குத் தேவை.

இப்போது என் முதல் குறை. லகாட் டத்துவிலிருந்து போகும் வழியில் மூன்று வகை நிலம் வரிசையாக வருகிறது. முதலில் செம்பனைத் தோட்டம், பிறகு மரம் வெட்டிய காடு, கடைசியில் டானும். இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பாடம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது, ஆனால் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. மரம் வெட்டிய காட்டைக் கடக்கும்போது “இங்கே பார்க்க ஒன்றுமில்லை, தூங்குங்கள்” என்றார் ஓட்டுநர். அவர் மேல் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் அது சரியில்லை, அதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

டேவிட் எட்வர்ட்ஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட சபா ஆய்வு இதே வட்டாரத்துக் காடுகளில் செய்தது. வெட்டாத காட்டில் இருந்த பறவை, சாணவண்டு வகைகளில் 75 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டு முறை வெட்டிய காட்டிலும் இருந்தன. இரண்டு முறை! பெரிய மரங்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகும் இவ்வளவு மிச்சம். “அது கெட்டுப்போன காடு, செம்பனை போட்டால் என்ன” என்ற பேச்சு எத்தனை ஆயிரம் ஹெக்டேரை விழுங்கியிருக்கிறது என்று சபாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொடிகள் சுற்றி, புதர் மண்டி, பார்க்க அழகில்லாத அந்தக் காட்டில் வண்டு இருக்கிறது.

இருக்கிறது என்பதாலேயே எல்லாம் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. வகைகள் பிழைத்திருக்கலாம், அவை செய்யும் வேலையின் அளவு மாறிவிடலாம். 2015இல் ராபர்ட் யூவர்ஸ் குழு, சபாவில் வெட்டிய காட்டையும் வெட்டாத காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இலைச்சருகு மக்குவது, விதை எடுத்துச் செல்லப்படுவது போன்ற வேலைகளில் பூச்சி முதலான முதுகெலும்பற்ற உயிர்களின் பங்கு, வெட்டிய காட்டில் பாதி வரைகூடக் குறைந்திருந்தது. அந்த இடத்தை எலி, பறவை போன்றவை ஓரளவு நிரப்பியிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் காடு ஓடிக்கொண்டிருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள். அதோடு அடி முதலில் விழுவது பெரிய உடம்புக்காரர்கள் மேல்தான். வெனிசுவேலாவில் குரி அணைக்கட்டு நீர் சூழ்ந்து தீவுகளாகிப்போன காட்டுத் துண்டுகளில் டிராண்ட் லார்சன் குழு 2005இல் காட்டியதும் இதைத்தான். அதிக வேலை செய்யும் பெரிய வண்டுகளே எளிதில் மறைந்துபோயின. பிரேசிலின் மனாவ்ஸ் பக்கம் 1989லேயே, துண்டாகிப்போன காட்டில் வண்டுகள் வகையிலும் எண்ணிக்கையிலும் குறைந்து, உருவத்திலும் சிறுத்திருப்பதாகக் கிளைன் எழுதிவிட்டார்.

செம்பனைக்கு வந்தால் கதையே வேறு. தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு அந்தப் பச்சை சொந்தப் பச்சை, அதைக் குறை சொல்ல எனக்கும் மனம் வராது, நம் பாட்டன்மார் வியர்வை அது. ஆனால் காட்டு வண்டுக்கு அது வெட்டவெளி. நிழல் மெலிவு, பகல் சூடு கூடுதல், மண் காய்ந்து இறுகும், சாணம் போட விலங்கும் குறைவு. காட்டு வகைகளில் பெரும்பாலானவை அங்கே தங்குவதில்லை. சாலையோரம் மூன்று இடத்தில் இடத்துக்கு அரை மணி நேரம் நின்று தரையைப் பார்த்திருந்தால் எங்கள் குழுப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கியிருக்கவே வேண்டாம்.

விலங்கு என்றதும் இன்னொன்று. வழிகாட்டியிடம் முன்பு எந்தச் சாணத்தில் அதிக வண்டு வரும் என்று கேட்டேன். காண்டாமிருகம் இருந்த காலத்தைப் பற்றி அவருடைய அப்பா சொன்னதைச் சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை. மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் இமான், சபாவில்தான் 2019 நவம்பரில் இறந்தது. மரமே விழாவிட்டாலும் வேட்டையில் விலங்குகள் குறைந்தால் வண்டின் சாப்பாடு குறையும். காடு நிற்கிறது என்று படத்தைக் காட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான்.

இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு போட்டு அந்துப்பூச்சி காட்டினார்கள். பார்க்க அருமை, ஆனால் எல்லாரும் தூங்கப் போன பிறகும் விளக்கை அணைக்கவில்லை. விடியும்வரை பூச்சிகள் அதிலேயே மோதிக்கிடந்தால் காலையில் பறவைக்கு இரைதான். இதை நடத்துகிறவர்கள் உடனே திருத்திக்கொள்ள வேண்டும். குழுவும் பெரிது, பன்னிரண்டு பேர் ஒரு வண்டைச் சுற்றி நின்றால் பின்னால் இருப்பவருக்கு முதுகுதான் தெரியும். கொசு மருந்து தடவிய கையோடு வண்டைத் தூக்கியவர்களை வழிகாட்டி தடுத்தது எனக்குப் பிடித்தது.

கறையான் பகுதியை மட்டும் அவசரமாக முடித்துவிட்டார்கள். பாவம், அதற்கும் ஒரு பெரிய கதை உண்டு. 2015, 16 எல் நினோ வறட்சியின்போது சபாவின் மாலியாவ் காட்டில் கறையான் பெருகி, மண்ணில் ஈரத்தைக் காத்து, நட்ட நாற்றுகள் பிழைக்க உதவியது என்று 2019இல் ஆய்வு வந்தது. கறையானை நீக்கிய இடங்களோடு ஒப்பிட்டால் நாற்றுகள் பிழைத்த அளவு 51 விழுக்காடு அதிகம்.

மதிப்பெண்: வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, நிறுவனத்துக்கு மூன்றரை. பிள்ளைகளை அழைத்துப் போகலாம், பத்து வயதுக்கு மேல் இருந்தால் நல்லது. முன்பதிவு செய்யும்போதே இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஒன்று, ஆறு பேருக்கு மேல் இல்லாத குழு. இரண்டு, போகும் வழியில் செம்பனையிலும் மரம் வெட்டிய காட்டிலும் வண்டியை நிறுத்தி வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்க நேரம். வண்டி ஏறிய பிறகு கேட்டால் இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றுதான் பதில் வரும், எங்களுக்கு அப்படித்தான் வந்தது.