ஹட்டனில் ஒரு புரதச் சாப்பாட்டுக் கடை: ஒன்பது வாரக் கணக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் நான் பயிற்சி செய்யும் ஜிம்முக்கு இரண்டு கட்டடங்கள் தள்ளி, படிக்கட்டில் இறங்கிப் போக வேண்டிய ஒரு சிறு கடையில், பளு தூக்குபவர்களுக்கென்றே சமைக்கப்படும் சாப்பாடு மூன்று வேளையும் பார்சலாகக் கிடைக்கிறது. ஒன்பது வாரங்களாக அங்கே வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். முதல் இரண்டு வாரமும் ஒவ்வொரு பார்சலையும் பிரித்து, சோறு, பருப்பு, இறைச்சி என்று தனித்தனியாகத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளை வைத்துச் சொல்வதென்றால், இந்தக் கடையின் உண்மையான சிறப்பு அதிகம் பேர் கவனிக்காத காலைப் பார்சலில்தான் இருக்கிறது. வரிசையில் நின்று வாங்கப்படும் மாலைப் பார்சல் பெரும்பாலானோருக்கு அவசியமில்லை.

எனது எடை 70 கிலோ. உடற்பயிற்சி செய்யாத வளர்ந்தவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதுமென்பது பொதுவான பரிந்துரை. அதன்படி எனக்கு 56 கிராம். பளு தூக்கித் தசை வளர்க்க விரும்புகிறவருக்கு அது போதாது. ரொபர்ட் மோர்டனும் சக ஆய்வாளர்களும் 49 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசை வளர்ச்சியும் கூடியதாகவும், அதற்கு மேல் சராசரியாகக் கூடுதல் பலன் தெரியவில்லை என்றும் கண்டார்கள். ஆளுக்கு ஆள் வேறுபாடு இருப்பதால் 2.2 வரை போவதில் நியாயம் உண்டு என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு 1.6 என்றால் 112 கிராம். அதை நான்கு வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 28 கிராம் வருகிறது.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த 28 எங்கே இடறுகிறது என்று சொல்லத் தேவையில்லை. காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல், தேத்தண்ணி. நூறு கிராம் மாவில் பத்து கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. சம்பலால் அதில் பெரிதாக எதுவும் சேராது. மதியம் சோறும் மரக்கறியும் தண்ணீராய் ஓடும் பருப்பும். இறைச்சியோ டின் மீனோ முட்டையோ பெரும்பாலும் இரவில்தான் கோப்பைக்கு வரும். கடைக்குப் போகத் தொடங்குமுன் நானே ஒரு வாரம் எழுதிப் பார்த்தபோது, காலையில் 10, மதியம் 15, இரவில் 40 என்று, நாள் முழுவதும் 70 கிராமைத் தாண்டவில்லை. மிச்சம் 42 கிராமையும் இரவுச் சாப்பாட்டிலேயே சேர்த்து அடைப்பது பசியோடு செய்யக்கூடிய காரியமல்ல. காலையை நிரப்பாமல் 112ஐ எட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

காலைப் பார்சல் ஆறு மணிக்குத் தயாராகிவிடுகிறது. வாழையிலைத் துண்டின் மேல் அவித்த கௌபி (தட்டைப்பயறு). நிறுத்தபோது சராசரியாக 150 கிராம் இருந்தது, அதில் 12 கிராம் புரதம். பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை, அவற்றிலிருந்து இன்னொரு 12 கிராம். கௌபிக்கு மேல் துருவிய தேங்காயும் காய்ந்த மிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டியிருப்பார்கள். கௌபி குழையாமலும் தோல் விறைக்காமலும் இருக்கும். முந்திய இரவே ஊறப் போட்டு, விடியற்காலையில் அவித்தால்தான் அந்தப் பக்குவம் வரும். கிழமை நாட்களில் மூன்று நாள் கௌபி, மற்ற நாட்களில் கடலையோ பயறோ. எதுவாக இருந்தாலும் 24 கிராமுக்குக் கீழே இறங்கியதாக எனது குறிப்பில் இல்லை. வீட்டில் ஒரு கோப்பை பசும்பால் குடித்தால் 28ஐத் தாண்டிவிடுகிறது.

கடையை நடத்தும் அக்கா இருபது ஆண்டு கொழுந்து எடுத்தவர். இந்தக் காலைப் பார்சலைத் தொடங்கியதற்குக் காரணம் கேட்டபோது, "வெறும் ரொட்டியத் தின்னுட்டுப் பெரட்டுக்குப் போயி, பத்து மணிக்கே கை நடுங்குன ஆளு நான், தம்பி. அந்திக்கு வந்து இரும்பு தூக்குற புள்ளைகளுக்குக் காலையில ஏதாச்சும் வயித்துல நிக்க வேணாமா?" என்றார். (பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்.) அவருடைய சமையலில் கணக்குப் புத்தகம் கிடையாது, ஆனால் கை அளவு மாறுவதில்லை.

மதியப் பார்சல் நல்லது, ஒரே சீராக இருப்பதில்லை. சோறு 300 கிராம், கெட்டியான பருப்பு நூறு கிராம், ஒரு மரக்கறி, ஒரு கோழித்துண்டு. இந்தக் கோழித்துண்டில்தான் பிரச்சினை. ஒரு செவ்வாய்க்கிழமை துண்டு 130 கிராம் இருந்தது; தின்று முடித்து எலும்பை நிறுத்தபோது 45 கிராம். அதாவது சதை 85 கிராம், புரதம் 22 கிராம் அளவு. அதே வாரம் வெள்ளிக்கிழமை கிடைத்தது முதுகுத்துண்டு. அதில் சதை 50 கிராம்கூடத் தேறவில்லை. விலை ஒன்றே. பருப்பும் சோறும் சேர்ந்து பதினைந்து கிராம் கொடுப்பதால் செவ்வாய்க்கிழமை வேளை கணக்கு நிரம்பியது, வெள்ளிக்கிழமை குறைந்துபோனது. முதுகுத்துண்டு வரும் நாளில் ஒரு பிடி பொரித்த நெத்தலியைச் சேர்த்துத் தரும்படி கேட்டேன். நெத்தலிக் கருவாட்டில் எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பதால் பதினைந்து கிராமே எட்டு கிராம் புரதத்தைத் தந்துவிடும். கேட்ட நாட்களில் தயங்காமல் வைத்தார்கள். கேட்காத நாட்களில் வைக்கவில்லை.

ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களுக்கு இந்தக் கடை செய்யும் உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். விரத நாட்களில் தசை கரைந்துவிடும் என்று பயந்து பயிற்சியையே நிறுத்திவிடுகிற இளைஞர்கள் எங்கள் ஜிம்மில் ஆண்டுதோறும் உண்டு. அவர்களுக்காக இங்கே வேறு பாத்திரத்தில், வேறு அடுப்பில், முட்டையும் மாமிசமும் படாமல் சோயா மீட் பிரட்டல் சமைக்கிறார்கள். சோயா மீட்டில் பாதி புரதம். உலர்ந்த நிலையில் 40 கிராம் போட்டால் 20 கிராம் கிடைக்கும். சோயாப் புரதத்தில், உடல் தானே உருவாக்க முடியாத அத்தியாவசிய அமினோ அமிலங்கள் அனைத்தும் இருக்கின்றன. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் இருக்கிறது. ஆகவே சோறும் பருப்பும் சேர்ந்த கோப்பை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கிறது. தசை கட்டுவதைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் தாவரப் புரதத்தில் சற்றுக் குறைவென்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும். ஒரு திருத்தம் மட்டும் சொல்வேன்: சாப்பாட்டோடு சேர்த்துத் தரும் சாயத் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. பருப்பிலும் கடலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேயிலை குறைத்துவிடும்.

மாலைப் பார்சலுக்கு வருகிறேன். இரண்டு ரொட்டியும் சோயா மீட்டும், அல்லது இரண்டு ரொட்டியும் முட்டைப் பிரட்டலும். ருசியில் குறையில்லை, புரதம் 25 முதல் 30 கிராம் வரை வருகிறது. எனக்கு வருத்தம், அதற்கு மேலே தொங்கும் பலகையில் இருக்கிறது. பயிற்சி முடிந்து 30 நிமிடத்துக்குள் உண்ணாவிட்டால் உழைப்பு வீண் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மழை நாளில் பார்சல் கால் மணி நேரம் தாமதமானால், அதைப் படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளின் முகம் வாடிப்போகிறது. டிக்கோயா பஸ்ஸைத் தவறவிட்டுக் காத்து நின்றவரையும் பார்த்திருக்கிறேன். அந்த வாசகம் சரியல்ல. பிராட் ஷோன்ஃபெல்டும் வேறு இரு ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட பகுப்பாய்வில், நாள் முழுவதும் உண்ட மொத்தப் புரதத்தைச் சமப்படுத்திப் பார்த்தபோது, பயிற்சியை ஒட்டி உண்பதால் கிடைத்ததாகத் தோன்றிய பலன் மறைந்துபோயிற்று. ஒரு நல்ல பயிற்சிக்குப் பின் தசை புரதத்தைக் கட்டும் வேகம் ஒரு நாள் வரை உயர்ந்தே இருக்கும். மூன்று மணிக்குச் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணிக்குப் பயிற்சி செய்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய் எட்டு மணிக்கு உண்ணலாம். காலையில் வெறும் வயிற்றோடு தூக்குகிறவருக்கு மட்டும் பயிற்சி முடிந்ததும் உண்பதில் அர்த்தம் இருக்கிறது. அக்காவிடம் இதை எடுத்துச் சொன்னேன். பலகை ஜிம்மில் யாரோ எழுதிக் கொடுத்தது என்றார். அது இன்னும் அங்கேயே தொங்குகிறது.

பலகையைவிடக் கவலைக்குரியது, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பெயரோ திகதியோ இல்லாத சிறு பைகளில் விற்கப்படும் மாவு. வே புரோட்டீன், அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரத மாவு என்கிறார்கள். உண்மையான வே மாவு 30 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம் தரும். பால் கோப்பையில் கலக்கி ஒரு நிமிடத்தில் முடிக்கலாம் என்பதால் நேரமில்லாதவருக்கு உதவியான பொருள்தான். ஆனால் புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை நைதரசனைத்தான் அளக்கிறது. நைதரசன் உள்ள, கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்து அந்த எண்ணை உயர்த்திக் காட்டுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. முத்திரையுள்ள டின்னிலேயே இந்தச் சந்தேகம் இருக்கும்போது, யார் எப்போது பிரித்துக் கட்டியது என்று தெரியாத பையை வாங்கக் கூடாது. எங்கள் பனியிலும் ஈரத்திலும் அந்த மாவு ஒரு வாரத்தில் கட்டிபட்டுவிடுவதையும் பார்த்தேன். இவ்வளவு சுத்தமாகச் சமைக்கிறவர்கள் இதை நிறுத்திவிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

விலை: காலை 350, மதியம் 600, மாலை 450 ரூபாய். மூன்றும் வாங்கினால் 1400. ஆயிரம் ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் அதைப் பெற்று, 2024இல் 1350 ரூபாயாக இருந்த தோட்டத்து ஒரு நாள் சம்பளத்தோடு ஒப்பிட்டால், மூன்று வேளையும் இங்கே உண்பது பலருக்கு முடியாத காரியம். எங்களோடு பயிற்சி செய்யும், பகலில் கொழுந்து எடுக்கும் தங்கைக்கு எடை 50 கிலோ. அவருக்கு நாளைக்கு 80 கிராம் போதும். காலைப் பார்சலை மட்டும் வாங்கி, மதியத்துக்கு வீட்டிலிருந்து பருப்பும் முட்டையும் கொண்டுபோய், இரவில் சோயா மீட் சமைத்து அவர் அதை நிரப்பிக்கொள்கிறார். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவுகளுக்குப் போகுமுன் வைத்தியரைக் கேட்க வேண்டும், ஆரோக்கியமானவர்களுக்குப் பயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. முந்திய நாள் மாலை ஏழு மணிக்குள் பெயரை எழுதிக் கொடுத்தால்தான் காலைப் பார்சல் நிச்சயம். தோட்டத்தின் மேல் டிவிசன்களுக்கு (பிரிவுகளுக்கு) கொண்டுவந்து தருவதில்லை. நகருக்கு வருகிறவர் கையில் சொல்லிவிட வேண்டியதுதான். அடுத்த மாதத்துக்கு நான் காலைப் பார்சலையும், நெத்தலி சேர்த்த மதியப் பார்சலையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாலைப் பார்சலை நிறுத்திவிட்டேன். இரவில் வீட்டில் டின் மீனும் தயிரும் இருக்கிறது.