அத்திரிபாச்சா நாடகப் பட்டறை: ஐந்துக்கு மூன்றரை

மே மாதம் சென்னை மந்தைவெளிப் பக்கம் ஒரு குழந்தைகள் நாடகப் பட்டறையில் என் மகளைச் சேர்த்தேன். 12 நாள், காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை, 3,500 ரூபாய். பக்கத்து ஹவுசிங் போர்டு பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், பின்னால் கொஞ்சம் திட்டவும் போகிறேன். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை 18 பேர், கத்திரி வெயில், ஒரு சமுதாயக் கூடம், இரண்டு ஃபேன், அதில் ஒன்று சுற்றுவது மாதிரி நடிக்கும்.

போன வருடம் பள்ளி ஆண்டு விழாவில் வாடகை டிரஸ்ஸுக்கு 900 ரூபாய் கட்டி இவள் மரமாக நின்றதைப் பார்த்தவள் நான். அதனால் பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகவில்லை.

முதல் நாளே ஒரு வேலை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் மூத்தவர்கள் யாரிடமாவது ஒரு கதை கேட்டுக்கொண்டு வரவேண்டும், புத்தகமும் யூடியூபும் கூடாது. மறுநாள் ஐந்து பேர் காக்கா வடை கதையோடு வந்திருந்தார்கள். இவள் என் மாமியாரிடம் கேட்டுப் போனது அத்திரிபாச்சா. கை தூக்கச் சொன்னபோது அதுதான் ஜெயித்தது, அந்தச் சொல்லுக்கே பாதிக் கை தூக்கியிருப்பார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாமியார் வீட்டில் முதன்முதலாகக் கொழுக்கட்டை தின்ற ஒருவன், பெயர் மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் கொழுக்கட்டை கொழுக்கட்டை என்று சொல்லிக்கொண்டே வருகிறான். நடுவில் ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா' என்று தாண்டிக் குதிக்கிறான், அதிலிருந்து வாயில் அத்திரிபாச்சாதான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய்து கொடு என்கிறான், அவளுக்குப் புரியவில்லை, அடித்துவிடுகிறான். பார்க்க வந்தவர்கள், ஐயோ கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே என்க, அதேதான் அதேதான் என்று இவன் குதிக்கிறான். சிறுவயதில் நான் விழுந்து விழுந்து சிரித்த கதை.

ஐந்தாம் நாள் வரை கும்மாளம்தான். வாய்க்காலுக்குப் பதில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம் வந்தது. பெண்டாட்டி அதிரசமா, அப்பளமா, அத்திப்பழமா என்று கேட்டுப் பார்த்து, கடைசியில் போனில் தேடினாள். அப்புறம் அடிக்கிற இடம் வந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, நான் அடி வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சரி, அடியை எடுத்துவிடலாம் என்றான் ஒரு பையன். எடுத்தால் வீக்கம் இல்லை, வீக்கம் இல்லாவிட்டால் அவனுக்கு எப்படி ஞாபகம் வரும்? கதையே அந்த அடியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடம் கேட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

இங்கேதான் அந்தப் பயிற்சியாளருக்கு என் முழு மதிப்பெண். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்தில் கூத்து கற்றவராம், பிள்ளைகள் அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பதில் சொல்லவே இல்லை, முழுதாக இரண்டு நாள் அவர்களையே மோதவிட்டார். தேனீ கொட்டி வீங்கட்டும் என்று நடித்துப் பார்த்தார்கள், தேனீ எங்கிருந்தோ வந்த மாதிரி இருந்தது. கடைசியில் கிடைத்தது இது: கோபத்தில் கையை ஓங்கிக்கொண்டு அத்திரிபாச்சா என்று பாய்கிறான், கொட்டிக்கிடக்கும் மாவில் வழுக்கி நிலைப்படியில் முட்டிக்கொள்கிறான், அவன் நெற்றியே கொழுக்கட்டையாகிறது. எல்லோரும் கைதட்ட, ஹவுசிங் போர்டிலிருந்து வரும் ஒரு பெண் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் அடிக்க வந்தது மறந்துபோயிடும்ல, எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிடுவாங்க, என்றாள். அதற்காகவே, கூத்தில் கதையை நடத்திக்கொண்டு போகும் கோமாளியான கட்டியங்காரன் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதாக வைத்தார்கள். கூத்தில் அவனுக்கு அந்த உரிமை உண்டு, ராஜா கதைக்கு நடுவே நின்று இன்றைய விலைவாசியைப் பேசிவிட்டுப் போகிறவன்தானே. கூத்தில் இரண்டு பேர் திரை பிடிக்க, ஆள் பின்னாலிருந்து பாடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டுவார்களே, அதையும் எடுத்துக்கொண்டார்கள். திரைக்கு என் வீட்டுப் பழைய வேட்டி போனது, திரும்பி வரவில்லை.

ஏழாம் நாள் வரை தாளில் ஒரு வரி வசனம் இல்லை என்பதால் பெற்றோர் பக்கம் பதற்றம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே நாடக சபை நடத்தினார், அங்கெல்லாம் பாடம் வாயில் ஏறாமல் மேடை ஏற முடியாது என்று என் அப்பா வேறு பயமுறுத்தினார். எழுதி வந்தபோது என் மகளுக்கு மனப்பாடம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, எல்லாம் அவர்களே பேசிப் பேசி வந்த வரிகள்.

இப்போது திட்டு. துணைப் பயிற்சியாளர் ஒருவர், ஹவுசிங் போர்டு பிள்ளைகள் 'இன்னாமே', 'வலிக்குதுபா' என்றால் நிறுத்தி 'நல்ல தமிழில் சொல்லு' என்று திருத்திக்கொண்டே இருந்தார். மெட்ரோ பள்ளத்தைத் தாண்டி வருகிறவன் வேறு எந்தத் தமிழ் பேசுவான்? கட்டியங்காரனாக வந்த பையன் இரண்டு நாள் வாயையே திறக்கவில்லை. நான் போய்ச் சொன்னேன், அந்த அண்ணாவும் சொன்னார், அப்புறம்தான் விட்டார்கள்.

பதினொன்றாம் நாள் மாலை ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவே ஆட்டம், 35 நிமிடம், மைக் கிடையாது, ஒரு மிருதங்கமும் தாளமும். கையை ஓங்கிய இடத்தில் கட்டியங்காரன் நிறுத்தி, "இன்னா பண்லாம், நீங்களே சொல்லுங்க" என்றான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முதல் மாடிச் சுவரில் சாய்ந்திருந்த ஓர் அம்மா, "கரண்டிய கீழ வைக்காதடி!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது, சிரிப்பு அடங்கவும் நேரமானது, பெண்டாட்டியாக நின்ற பிள்ளை ஒத்திகையில் இல்லாததாக அந்தக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் நிஜமாகவே ஓரடி பின்வாங்கினான்.

மறுநாள் வாடகை ஆடிட்டோரியம். ஆளுக்கு ஐந்து டிக்கெட், ஒன்று 200 ரூபாய், கட்டாயம். சேர்க்கும்போது இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சிறப்பு விருந்தினர் 40 நிமிடம் தாமதம், பிறகு பேச்சு. மிருதங்கத்துக்குப் பதில் பதிவு செய்த இசை, பிள்ளைகள் அதன் வேகத்துக்கு ஓடவேண்டியதாகிவிட்டது. நேரமில்லை என்று கட்டியங்காரனின் கேள்வியை வெட்டிவிட்டார்கள். அவன் வழுக்கி விழுந்தான், எல்லோரும் சிரித்தோம், முடிந்தது. அந்தப் பெண் முதல் வாரமே சொன்னது அப்படியே நடந்தது. காரில் திரும்பும்போது என் மகள் வாயே திறக்கவில்லை.

சேர்ப்பதாக இருந்தால் தண்ணீர் பாட்டில் இரண்டாகக் கொடுத்து அனுப்புங்கள். மாற்று டிரஸ் ஒன்றும் வையுங்கள், நிஜமாகவே மாவில் புரள்கிறார்கள். டிக்கெட் விஷயத்தை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்குப் பெற்றோர்தான் கொழுக்கட்டை கொண்டுவர வேண்டும், என் பங்குக்கு 40 வந்தது, மேல் மாவு பாதி வெடித்துப் பூரணம் வெளியே எட்டிப்பார்த்தது, யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்தது காலாண்டு விடுமுறையில் என்றார்கள். ஆடிட்டோரியம் உண்டா என்று கேட்டேன், இன்னும் முடிவாகவில்லையாம். தெருவில் ஆட்டம் உண்டு என்றார்கள். முன்பணம் 500 கட்டியிருக்கிறேன்.